பழைய துவக்குக்கு பிஸ்மத் தோட்டா: ஒரு பருவம் பாவித்த கணக்கு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த சன்னம் (சின்னக் குண்டு) அடைத்த 25 தோட்டா உள்ள ஒரு பெட்டி, ஒன்ராறியோவின் 13 வீத வரியோடு 90 டொலர். ஒரு வெடிக்கு 3 டொலர் 60 சதம். அதே கடையில், அதே இறாக்கையில், ஸ்ரீல் (உருக்கு) தோட்டாப் பெட்டி 30 டொலருக்கு இருந்தது. என்னோடு வந்த தம்பி பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது தாராவுக்குச் சுடுறதோ, பாங்கில போடுறதோ?" என்று கேட்டான். நான் இரண்டு பெட்டி வாங்கினேன்.

புதுத் துவக்கு வைத்திருக்கிறவர்கள் இத்தோடு நிற்பாட்டலாம். உங்களுக்கு ஸ்ரீல் போதும், மிச்சக் காசுக்குப் பெற்றோல் அடியுங்கள். தகப்பன் விட்டுப்போன துவக்கோ, மாமன் விட்டுப்போனதோ, என்னைப்போல யாரோ ஒரு கிழவரிடம் வாங்கினதோ அலுமாரியில் கிடந்து, அதைத் தாரா (காட்டு வாத்து) வேட்டைக்குக் கொண்டுபோகலாமா என்று யோசிக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது வின்செஸ்ரர் மொடல் 12. 12 போர் (குழலின் துளை அளவு), 30 அங்குலக் குழல், 1951இல் செய்தது. என்னோடு வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் கண் பார்வை குறைந்ததும் விற்றார். இப்போது கனடாவில் கையிலிருந்து கைக்கு விற்கிறதென்றாலும் வாங்குகிறவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகுமா என்று பார்த்து ஒரு குறிப்பு இலக்கம் எடுக்கவேண்டும். அது எடுத்து முடிந்ததும் மனுசன் துவக்கைப் பழைய ஃபிளனல் துணியில் சுற்றி, பிள்ளையைத் தாறது மாதிரித் தந்தார்.

மொடல் 12 ஐப் பற்றி நாலு வரி சொல்லாமல் விடமுடியாது. 1912இல் தொடங்கிய துவக்கு. தொமஸ் குரொஸ்லி ஜோன்சன் என்ற வின்செஸ்ரர் பொறியியலாளர் வடிவமைத்தது. கட்டிரும்பைக் கடைந்து கடைந்து செய்த உடம்பு. அந்தக் கடைசல் வேலைக்கு ஆட்கூலி கட்டாமல்தான் 1964இல் வழமையான உற்பத்தியை நிறுத்தினார்கள். அடுத்த தோட்டாவை ஏற்றக் குழலுக்குக் கீழே இருக்கிற கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் ஒரு சத்தம் வரும். அதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. நன்றாக எண்ணெய் போட்ட தையல் மெசின் ஓடுகிற சத்தத்துக்குக் கிட்ட வரும். ஆனால் புதிதாகப் பழகுகிறவர்களின் கையில் கொடுக்க நான் பயப்படுவேன். விசையை அமத்திப் பிடித்தபடியே கைப்பிடியை முன்னுக்குத் தள்ளினால் தோட்டா தானாக வெடிக்கும். இந்தக் காலத்துத் துவக்குகளில் அதைத் தடுக்கிற பாகம் இருக்கும். இதில் இல்லை.

இந்தத் துவக்கு பிறந்த காலத்தில் எல்லாரும் சுட்டது ஈயம். ஈயம் தண்ணீருக்குள் விழுந்தால் சேற்றில் கிடக்கும். தாராவுக்குப் பல்லில்லை. தானியத்தை அரைக்கச் சின்னக் கற்களை விழுங்கி வயிற்றுக்குள் வைத்திருக்கும். கல் என்று நினைத்து ஈயச் சன்னத்தையும் விழுங்கும். அங்கே அது அரைபட்டுக் கரைந்து இரத்தத்தில் சேர, சுடாத தாராவும் செத்துப்போகும். அந்தத் தாராவைத் தின்கிற கழுகுக்கும் அதே கதி. அமெரிக்காவில் 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயத்தை முழுக்க நிற்பாட்டினார்கள். கனடாவில் 1999இல் நாடு முழுவதும் தடை வந்தது. இதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. வன்னியில் அப்பா பயிர்ப் பாதுகாப்புக்கென்று வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்கால் இரணைமடுக் குளத்துப் பக்கம் சிறகித் தாரா சுட்டு வருவார். கறியில் கடிபட்ட ஈயத்தை நாங்கள் கோப்பை ஓரத்தில் அடுக்கி எண்ணி விளையாடினோம். யார் கோப்பையில் கூட என்று போட்டி வேறு. இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது.

பிறகு ஏன் ஸ்ரீல் போடக்கூடாது? என் துவக்கின் குழலில் "ஃபுல்" என்று குத்தியிருக்கிறது. குழலின் வாய் ஒடுங்கியிருக்கும், அதைத்தான் சோக் என்கிறோம். அந்த நாள் தாராத் துவக்குகளுக்கு ஃபுல் சோக்தான் அழகு. ஈயம் மெத்தென்ற உலோகம். ஒடுங்கின வாயால் போகும்போது தானே நசிந்து இடம் கொடுக்கும். ஸ்ரீல் நசியாது. சன்னம் எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு போக, நசியவேண்டியது குழலாகிவிடும். வாய்க்குக் கிட்ட மோதிரம் போட்டது மாதிரி ஒரு வீக்கம் விழும். அப்படி வீங்கின குழல் ஒன்றை நான் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. சோக்கை அரைத்து அகலமாக்கினால் ஸ்ரீல் சுடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. 1951இல் ஒருவன் கடைந்து வைத்த வாயை நான் அரைக்கமாட்டேன். அது என் பிடிவாதம்.

பிஸ்மத் இங்கேதான் உள்ளே வருகிறது. வயிற்றுப்போக்குக்குக் குடிக்கிற ரோஸ் நிற மருந்து, பெப்ரோ பிஸ்மோல், அதில் இருக்கிற அதே பிஸ்மத்தான். ஆவர்த்தன அட்டவணையில் ஈயத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன் என்றாலும் நஞ்சில்லை. பிஸ்மத் சன்னத்தின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 9.6 கிராம். ஈயம் 11.3, ஸ்ரீல் 7.8. டங்ஸ்ரன் சன்னம் 18 வரை போகும். ஆனால் அதன் விலையை இங்கே எழுதினால் வீட்டில் யாராவது வாசித்துவிடுவார்கள். பிஸ்மத்தின் குறை, அது முறுகின உலோகம், அடித்தால் பொடிபடும். அதனால் கொஞ்சம் வெள்ளீயம் கலப்பார்கள். சில கம்பனிகள் மேலே செப்பும் பூசும்.

நான் வாங்கினது நாலாம் இலக்கச் சன்னம், ஒன்றேகால் அவுன்ஸ், இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா. கம்பனியின் பெயரை இங்கே போடவில்லை. ஒரு குறை சொல்லப்போகிறேன், இரண்டு பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு கம்பனியைத் தூக்கில் போடுவது நியாயமில்லை.

தோட்டா வாங்கமுதல் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. துவக்கைத் திருத்துகிற ஒருவரிடம் காட்டுங்கள். எனக்கு 60 டொலர் எடுத்தார். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், தோட்டா அறையின் நீளத்தை அளந்தார், சோக்கை அளந்தார். மொடல் 12 இலேயே பழைய 16 போர்த் துவக்குகளின் அறை இன்றைய தோட்டாவுக்குக் கட்டை. தோட்டா உள்ளே போகும், கதவு பூட்டும், வெடிக்கும்போதுதான் தோட்டாவின் மடித்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். "உள்ளே போகுது தானே" என்று சுடுகிற ஆட்களைப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தலைமயிர் நரைத்ததாம். கறுப்பு வெடிமருந்துக் காலத்து முறுக்குக் கம்பிக் குழல் என்றால் சுவரில் மாட்டி வைக்கச் சொன்னார். என்னுடையதைத் திருப்பித் தரும்போது, "இது உன்னையும் தாண்டி இருக்கும்" என்றார். 60 டொலர் அந்த வசனத்துக்கே சரி.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தோட்டாவை வெட்டிப் பார்த்தேன். (நிலக்கீழ் அறை, நெருப்பு இல்லை, வெடிமருந்தைத் தனியாக எடுத்துவிட்டேன், மனைவி வேலையில்.) சன்னத்தைத் தேநீர்த் தட்டில் கொட்டி எண்ணினேன். 194. ஒவ்வொன்றும் 3.3 மில்லிமீற்றர். ஈயம் மாதிரி மழமழவென்ற உருண்டை இல்லை. சிலதில் சின்ன வால், சிலதில் பள்ளம். இரண்டு ஒட்டிப் பிறந்த வாழைப்பழம் மாதிரிச் சேர்ந்திருந்தன. பல்லால் கடித்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை வந்தது. குறட்டால் நெரித்தேன். கொஞ்சம் நசிந்து, பிறகு டக்கென்று இரண்டாக உடைந்தது. உடைந்த இடம் கற்கண்டை உடைத்தது மாதிரி மினுங்கியது.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஸ்ரீலில் மலார்ட் தாரா சுடுகிறவர்கள் சாதாரணமாக இரண்டாம் இலக்கம் போடுவார்கள், அது 3.8 மில்லிமீற்றர். ஸ்ரீல் பாரமில்லாததால் பெரிய சன்னம் வேண்டும், பெரிய சன்னம் என்றால் தோட்டாவுக்குள் எண்ணிக்கை குறையும். ஒரு அவுன்சுக்கு ஏறக்குறைய 125. பிஸ்மத் நாலாம் இலக்கம் அதே அளவு ஆழம் துளைக்கும், ஆனால் அவுன்சுக்கு 155க்குக் கிட்ட இருக்கும். ஒரே பாரமுள்ள தோட்டா என்றால் நாற்பதுக்குக் கிட்டச் சன்னம் கூட என்று வையுங்கள். பறந்துபோகிற தாராவின் கழுத்தில் படுவது அந்த நாற்பதில் ஒன்றாகவும் இருக்கலாம். நான் காசு கொடுத்தது அதற்குத்தான்.

கடதாசியில் சுட்டும் பார்த்தேன். 40 யார் (கெஜம்) தூரத்தில் பெரிய பழுப்புக் கடதாசி, சுட்டபின் கூடுதலாகச் சன்னம் விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் கீறி, ஓட்டைகளை எண்ணவேண்டும். ஐந்து வெடி. 141, 133, 146, 129, 138. சராசரி 137 என்றால் 194இல் நூற்றுக்கு எழுபது. ஃபுல் சோக் என்று ஈயக் காலத்தில் எதைச் சொன்னார்களோ, அதே எழுபது. நான் எதிர்பார்த்தது இதைவிடக் குறைவு. 129 விழுந்த கடதாசியில் ஒரு பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டையே இல்லை. உடைந்த சன்னம் வழி தவறிப் போயிருக்கவேண்டும். தோளில் அடி ஈயத் தோட்டாவின் அடியேதான். 70 வயதுத் துவக்கு ஒரு முனகலும் இல்லாமல் வேலை செய்தது.

நாங்கள் போகிற இடம் ஸ்கூகொக் ஏரி. ஸ்காபரோவில் இருந்து வடகிழக்கே ஒரு மணித்தியாலத்துக்குள் ஓடலாம். 1830களில் லின்ட்சியில் மாவாலைக்கு அணை கட்டினபோது தண்ணீர் ஏறிப் பரந்த ஏரி. அதனால் பல இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான், கீழே சேறு. கால் வைத்தால் இழுக்கும். வன்னிக் குளத்தில் இறங்கிப் பழகின கால்களுக்கு அது புதிதில்லை, குளிர்தான் புதிது.

ஒக்ரோபர் கடைசியில் ஒரு நாள். சூரியன் உதிக்க அரை மணித்தியாலம் முன்னம் இருந்துதான் சுடலாம், அன்றைக்கு அது 7.13. நாங்கள் 6 மணிக்கே கோரைக்குள் படங்கைக் கட்டி, பன்னிரண்டு பொம்மைத் தாராவை மிதக்கவிட்டுக் குந்தியிருந்தோம். துவக்கில் மூன்று தோட்டா. அதற்கு மேல் போகாதபடி சட்டப்படி குழாய்க்குள் ஒரு தடி வைத்திருக்கிறது. மொடல் 12க்கு அந்தத் தடி மரத்தில் வரும், என்னுடையதில் முன்னைய சொந்தக்காரர் சீவின பென்சில் கிடந்தது. நான் ஒழுங்கான தடி ஒன்று மாற்றினேன். பென்சிலை மேசையில் வைத்திருக்கிறேன், இன்னும் எழுதுகிறது.

7.20க்கு இரண்டு தாரா தெற்கால் வந்து, பொம்மைகளைப் பார்த்துத் திரும்பி, செட்டையை வளைத்து இறங்கத் தொடங்கின. தம்பி ஸ்ரீல், நான் பிஸ்மத். தம்பி முந்தினான், தவறினான். அவை மேலே எழும்பின. எழும்பும்போது தாரா ஒரு கணம் ஆகாயத்தில் தொங்கும், அந்தக் கணத்தில் என் குழல் தானாகப் போய் ஆண்தாராவின் சொண்டுக்கு முன்னால் நின்றது. நீண்ட குழலின் பாரம் இதற்குத்தான், நிற்பாட்டாமல் ஓடும். வெடி. 35 யார் இருக்கும். கழுத்து மடிந்து, சிறகு மூடி, கல் மாதிரி விழுந்தது. தண்ணீரில் விழுந்தபிறகு அசையவேயில்லை. ஸ்ரீலில் சுட்ட போன பருவத்தில் இப்படி விழுந்தது குறைவு. செட்டை முறிந்து கோரைக்குள் நீந்தி ஒளித்து, அரை மணித்தியாலம் தேடி, சிலவேளை கிடைக்காமலே போனதும் உண்டு. கிடைக்காமல் போகிற தாரா ஒவ்வொன்றும் ஒரு கிழமைக்கு என் மனதில் நீந்தும்.

வெளியே எடுத்த வெறும் தோட்டாக் கோதை மணந்து பார்த்தேன். பழைய பழக்கம். தம்பி சிரித்தான்.

இந்தப் பருவக் கணக்கு இது: 50 தோட்டாவில் ஐந்து கடதாசிக்கு, ஒன்று வெட்டினது, ஒன்று பழுது. 31 வெடி தாராவுக்கு, 14 தாரா. மிச்சம் 12 அலுமாரியில். போன வருஷம் இரவல் துவக்கில் ஸ்ரீல் 58 வெடி, 15 தாரா. துவக்கும் வேறு, ஆளும் ஒரு வருஷம் பழகிவிட்டான், அதனால் இது நேர்மையான போட்டி இல்லை என்று எனக்கே தெரியும். காசாகப் பார்த்தால் ஒரு தாராவுக்கு பிஸ்மத் 8 டொலர், ஸ்ரீல் நாலே முக்கால் டொலருக்குள். குறைய வெடி போதும், கணக்கு ஒன்றாக வரும் என்று கடைக்காரர் சொன்னது வியாபாரம். ஒன்றாக வராது.

குறைகளுக்கு வருகிறேன். சொன்ன அந்தப் பழுது: இரண்டாம் பெட்டியில் ஒரு தோட்டாவின் மடித்த வாய் சரியாக மூடவில்லை. மழை நாளில் சட்டைப்பைக்குள் கைவிட்டேன், பை முழுக்கச் சன்னம். இந்த விலைக்கு அது நடக்கக்கூடாது. இப்போது வீட்டிலேயே ஒவ்வொன்றாக வாயைத் தடவிப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

அடுத்தது, பிஸ்மத்தைக் காந்தம் இழுக்காது. இது இரண்டு இடத்தில் இடிக்கும். ஏரிக்கரையில் வனவிலங்கு அதிகாரி ஒருவர் வந்து பத்திரங்களைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், தாராவை எண்ணினார் (ஒரு நாளைக்கு ஆறு, எங்களிடம் நாலு). பிறகு தோட்டாவில் காந்தத்தை வைத்தார். தம்பியின் தோட்டா டக்கென்று ஒட்டியது. என்னுடையதில் ஒட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் பெட்டியை எடுத்து நீட்டினேன், வாசித்துவிட்டு, "பழைய துவக்கோ?" என்று கேட்டு, வாங்கி ஒருதரம் தோளில் வைத்துப் பார்த்துத் தந்தார். பெட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மீள்நிரப்பின தோட்டா என்றால் விளக்கம் சொல்ல இன்னும் கஷ்டப்படுவீர்கள்.

மற்ற இடம் குசினி. ஸ்ரீல் சன்னம் இறைச்சிக்குள் இருந்தால் நல்ல காந்தம் ஒன்றை மேலால் ஓட்டிக் கண்டுபிடிக்கலாம். பிஸ்மத்தை விரலால்தான் தேடவேண்டும். அதுவும் எலும்பில் பட்டு உடைந்த துண்டு என்றால் மணல் மாதிரி இருக்கும். நல்ல பக்கம், ஸ்ரீலைக் கடித்தால் பல் உடையும், பிஸ்மத்தைக் கடித்தால் அதுதான் உடையும். எனக்கு ஏற்கனவே ஒரு கடைவாய்ப் பல்லுக்கு மூடி போட்டிருக்கிறது, அதன் விலையோடு பார்த்தால் 90 டொலர் பெரிய காசில்லை.

மனைவி தாராவைத் தோல் உரித்துத்தான் எடுப்பா, இல்லாவிட்டால் சேற்று மணம் நிற்கும். மஞ்சளும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டு ஊறவைத்து, வெங்காயம், பெருஞ்சீரகம், வெந்தயம் தாளித்து, வறுத்த தூள் போட்டு, கடைசியில் முதற்பாலும் இறைச்சிச் சரக்கும். காட்டுத் தாரா கெதியில் வேகாது, ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். அன்றைக்குப் புட்டோடு சாப்பிட்டோம். பாதியில் மனைவி நிற்பாட்டி, வாயிலிருந்து எதையோ எடுத்துக் கோப்பை ஓரத்தில் வைத்தா. சாம்பல் நிறம், பாதி உடைந்தது.

"இஞ்சாருங்கோ, இது எவ்வளவு?"

3 டொலர் 60 சதத்தை 194ஆல் பிரித்துப் பார்த்தேன். "ரெண்டு சதம் வரும்."

"அப்ப கழுவி வையுங்கோ," என்றா.